நூற்றுப் பதினொன்றாம் அடிக்குறிப்பு

"இந்த வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு எங்க?" என்று கேட்டார் பேராசிரியர் ரெங்கசாமி.

முருகையன் எட்டிப் பார்த்தான். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கம். சிவப்புப் பேனா அந்த வாக்கியத்தின் கடைசியில் வந்து நின்றிருந்தது.

'பெண்கள் சிறையிலிருந்த ஆறாம் நாள், நெடுவாய்க்கால் கீழத்தெருவில் அம்சம் என்ற எட்டு மாதப் பெண் குழந்தை பாலின்றி இறந்தது.'

"அது நடந்ததுங்க சார்."

"நடந்ததை எழுதுறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல முருகையன். நடந்ததுன்னு யாரு சொன்னான்னு எழுதுறதுதான் ஆராய்ச்சி. யாரு சொன்னா?"

முருகையன் கொஞ்சம் தயங்கினான். "எங்கம்மா சார்."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு பத்திக்காவது ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

"அம்மா சான்று ஆக மாட்டாங்க. அம்மான்னா பாசம். பாசத்துக்குப் பக்க எண் போட முடியுமா?"

"முடியாதுங்க சார்."

"அதோட, அவங்கதான் ஜெயில்ல இருந்தாங்கங்கிறீங்க. அப்புறம் ஆறாம் நாள்னு யாரு எண்ணிப் பாத்தது? பாலில்லாமன்னு எப்படித் தெரியும்? காய்ச்சலா இருக்கலாமே?"

முருகையன் மேசைமேலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அது ரெங்கசாமியின் தண்ணீர்.

இந்த முருகையனுக்கு வயது முப்பத்தொன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறான். கீழத்தெருவில் முதல் பட்டதாரி, முதல் வாத்தியார். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் டாக்டர் ஆக வேண்டியவன். 'தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர் கூலிப் போராட்டங்கள், 1952–1975' என்பது ஆய்வின் தலைப்பு. ஏழு வருஷமாகப் பகுதி நேரத்தில் எழுதி, இந்த 1994 ஜூன் முப்பதுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு காலாவதி.

நெறியாளர் ரெங்கசாமி கெட்டவர் இல்லை. தம் மாணவர்களுக்குப் பட்டம் கிடைக்கத் தம் காசில் ஆட்டோ பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறவர். ஆனால் ஒரு பக்கத்தில் கோட்டுக்குக் கீழே மூன்றில் ஒரு பங்காவது அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மேசையில் ஓர் அடிக்கோல் வைத்திருந்தார். அது கோடு போட அல்ல, அளந்து பார்க்க.

"நூத்துப் பத்து வரைக்கும் சரியா இருக்கு. நூத்துப் பதினொண்ணு வேணும். கொண்டு வாங்க. இல்லேன்னா வாக்கியத்தை அடிச்சிடுங்க. ஒரு வரிதானே?"

ஒரு வரிதான். ஆனால் அம்சத்துக்கு இந்த உலகத்தில் இருந்ததே அந்த ஒரு வரிதான். பிறந்த பதிவு இல்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை, படம் எடுத்தது இல்லை. அந்த வரியும் போனால் முருகையனுக்குத் தங்கை என்று ஒருத்தி இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது.

வீட்டுக்கு வந்தால் அம்மா காத்தாயி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா சேதி வருதாய்யா உன் பொஸ்தவத்துல?"

"வருதும்மா."

"படிச்சுக் காட்டேன்."

படித்தான். காத்தாயி முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவன் முடித்த பிறகும் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"ஆராய்ச்சியில அவ்வளவுதாம்மா வரும்."

அவள் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். இன்னும் நாலு வரி புகழ்ந்து எழுதியிருக்கலாம் என்று எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது என்று முருகையன் நினைத்துக்கொண்டான். இருக்கிற ஒரு வரிக்கே வழியில்லை என்பதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாளே பஸ் ஏறிச் சொந்த ஊரான நெடுவாய்க்காலுக்குப் போனான். வி.ஏ.ஓ. தங்கமான மனுஷன். பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய பட்டாமணியார் காலத்து இறப்புப் பதிவேட்டை இழுத்துப் போட்டுத் தூசி தட்டினார். இரண்டு பேரும் தும்மி முடித்ததும் 1970 ஜனவரி, பிப்ரவரி பக்கத்தைத் திறந்தார்கள். பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரே கோடு. நடுவில் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"அந்த மாசம் ஊர்ல யாருமே சாகலீங்களே" என்றார் வி.ஏ.ஓ. சந்தோஷமாக.

"செத்தாங்க சார். சாவுச் சேதியைப் பட்டாமணியாருக்குப் போய்ச் சொல்ல வேண்டியவர் வெட்டியான். அவர் போராட்டத்துல ஜெயிலுக்குப் போயிட்டாரு."

சொல்ல வேண்டிய ஆள் உள்ளே இருந்ததால் அந்த மாதம் ஊரில் சாவே நடக்கவில்லை. வி.ஏ.ஓ. வருத்தப்பட்டார். இவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு கேட்கவில்லை. 'மேற்படி மாதங்களில் மேற்படி கிராமத்தில் இறப்பு ஏதும் பதிவாகவில்லை' என்று ஒரு சான்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அந்தச் சான்றை முருகையன் பையிலேயே வைத்திருக்கலாம். ஆனால் ரெங்கசாமி "என்ன கிடைச்சுது?" என்று கேட்டபோது அவனுக்குப் பொய் வரவில்லை.

"பிரமாதம்!" என்றார் அவர். "முத்திரையோட இருக்கு. அடிக்குறிப்பு நூத்துப் பதினொண்ணு: 'கிராம இறப்புப் பதிவேட்டின்படி இம்மாதம் இறப்பு ஏதும் இல்லை.' போடுங்க."

"சார், அது என் வாக்கியத்தை மறுக்குதுங்களே."

"மறுத்தா என்ன? ஒரு ஆவணத்தைக் கண்ணால பாத்துட்டு, பாக்காத மாதிரி இருக்கறது ஆராய்ச்சித் துரோகம். பாக்காம இருந்திருக்கணும். பாத்துட்டீங்க. இப்போ இதை வெல்லுறதுக்கு இன்னொரு ஆவணம் கொண்டாங்க. உங்கம்மா ஜெயில்ல இருந்ததுக்காவது ஆதாரம் இருக்கும்ல?"

அது நியாயமாகப் பட்டது. அந்தத் தை மாத அறுவடையில், கலத்துக்கு அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். முதலில் போலீஸ்காரர்கள் ஆண்களைக் கொண்டுபோனார்கள். அப்புறம் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தபோது பெண்கள் போய் வரப்பில் மறித்தார்கள். மறித்தவர்களை அப்படியே போலீஸ் லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று பிள்ளையைத் தூளியில் தூங்கப் போட்டுவிட்டுப் போன காத்தாயி திரும்பி வரப் பதினொரு நாள் ஆனது. கண் தெரியாத கிழடுகளும் நண்டு சிண்டுப் பிள்ளைகளும்தான் தெருவில் மிஞ்சினார்கள்.

கோர்ட்டின் பழைய கட்டுகளைத் தேடிப் பார்க்க அனுமதி வாங்கவே மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் கட்டு கிடைத்தது. கைதான பெண்கள் பதினான்கு பேர். முருகையன் ஆசையாக விரலை வைத்துப் படித்தான்.

ஒன்று, காளியம்மாள், கணவர் பெயர் முனியன். இரண்டு, காளியம்மாள், கணவர் பெயர் முனியன். மூன்று, காளியம்மாள். பதினான்கு வரைக்கும் காளியம்மாள்தான். பதினான்கு பேருக்கும் புருஷன் ஒரே முனியன்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டான். காத்தாயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

"பேரைச் சொன்னா அப்புறம் வாய்தா வாய்தான்னு வீடு தேடி வருவானுங்க. யாரு கேட்டாலும் நம்ம தெரு ஆத்தா பேரைச் சொல்லுங்கடின்னு சங்கத்துல சொல்லிக் குடுத்திருந்தாங்க. புருஷன் பேருக்குக் காவக்கார சாமி பேரு. ஆறாவது ஆளு வரைக்கும் அந்த ஸ்டேஷன் ரைட்டரு திட்டித் திட்டி எழுதுனாரு. அப்புறம் அவரே, 'நீயும் காளியம்மாதானே, தள்ளி நில்லு'ன்னு எழுதிக்கிட்டாரு."

"நீ எத்தனாவது காளியம்மாம்மா?"

"எட்டாவது." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, ஒம்போது. எட்டு அஞ்சலை."

சிரிப்பு மெல்ல அடங்கியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் நாளே பால் கட்டிக்கிச்சு. நெஞ்சு கல்லாட்டம் ஆயிப் போச்சு. வலி தாங்கல. ஜெயிலு செவுத்துல பீச்சி விட்டேன். பாத்துட்டு எல்லாக் காளியம்மாளும் அழுதாளுவ."

"இதை நீ எங்கிட்டச் சொன்னதே இல்லியேம்மா."

"நீ கேக்கலியே."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து அவன் ஏதோ சொல்ல வேண்டும் என்பதுபோல. முருகையன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அழுகிற முகத்தை அம்மாவுக்குக் காட்டக் கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

ரெங்கசாமியும் மனசு வருந்தத்தான் செய்தார். "ச்சே, கொடுமை" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பேனாவை எடுத்தார்.

"அடிக்குறிப்பு நூத்துப் பன்னெண்டு: 'கைதானோர் பட்டியலில் காத்தாயி என்ற பெயரில் பெண் எவரும் இல்லை.'"

"சார்!"

"நான் என்ன செய்ய? நீங்கதான் போய்ப் பாத்தீங்க."

ஆக, குழந்தை சாகவில்லை. குழந்தையின் தாய் சிறைக்கும் போகவில்லை. இரண்டுக்கும் இப்போது அரசாங்க ஆதாரம் இருந்தது. ஜூன் முப்பதுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

"அச்சுல எங்கயாவது வந்திருந்தா போதும்" என்று ரெங்கசாமியே இரக்கப்பட்டு வழி சொன்னார். "பத்திரிகை, மலர், துண்டு நோட்டீஸ், எது வேணாலும். அச்சுன்னு ஒண்ணு இருந்துட்டா அதுக்கு ஒரு மரியாதை."

முருகையன் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வீரையனிடம் ஓடினான். நல்லவேளை, வட்டார மாநாட்டு மலர் அச்சில் இருந்தது. அதில் ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் கேட்டான். "உனக்கு இல்லாத இடமா?" என்று வீரையன் அவன் எழுதிக் கொடுத்த எட்டு வரியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பாலின்றி மாண்ட பச்சிளம் குழந்தைகள் ஏழு!' உள்ளே அம்சத்தின் பெயரே இல்லை.

"அண்ணே, ஒரு புள்ளதானே? ஏழுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஒண்ணுன்னா எவன்யா திரும்பிப் பாப்பான்?" என்றார் வீரையன். "ஒண்ணுன்னா குடும்பச் சோகம். ஏழுன்னாத்தான் வரலாறு. நீ வரலாறுதானே படிச்ச?"

"பேரையும் எடுத்துட்டீங்க."

"ஏழு பேருக்கு நான் எங்க போய்ப் பேரு தேடுவேன்?"

ரெங்கசாமி மலரை முகர்ந்து பார்த்தார். அச்சு மையின் வாசனை அவருக்குப் பிடிக்கும். "இதோ இருக்கே! வாக்கியத்தைத் திருத்துங்க. 'ஏழு குழந்தைகள் இறந்தன.' அடிக்குறிப்பு நூத்துப் பதிமூணு."

"ஒரு குழந்தைதான் சார்! எங்க தெருவுல அந்த வாரம் செத்தது ஒரே குழந்தை. அவ பேரு அம்சம். எனக்குத் தெரியும் சார்!"

அவன் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ரெங்கசாமி கோபப்படவில்லை. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சதைக் கோட்டுக்குக் கீழே எப்படிய்யா எழுதுறது?" என்றார் மெதுவாக. பிறகு அடிக்கோலை எடுத்து நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தை அளந்தார். பழக்கதோஷம். பாதிப் பக்கத்துக்கும் மேல் அடிக்குறிப்பு வந்திருந்தது. அந்தக் குழந்தை சாகவே இல்லை என்று ஒன்று, அதன் தாய் கைதாகவே இல்லை என்று ஒன்று, செத்தது ஏழு என்று ஒன்று. மேலே அந்த ஒற்றை வாக்கியம் தனியாக நின்றது.

"கடைசியா ஒரு வழி இருக்கு. வாய்மொழிப் பேட்டி. அதை இப்பல்லாம் ஒத்துக்குறாங்க. ஆனா பெத்த அம்மாவை மகன் பேட்டி எடுத்தா அது பேட்டி இல்ல, வீட்டுப் பேச்சு. வேற ஆள் எடுக்கணும். டேப்ல பதியணும். நீங்க அந்த வீட்டுலயே இருக்கக் கூடாது. சாட்சியைக் கலைச்சிட்டதா ஆயிடும்."

"அதுலயாவது வந்துட்டா வாக்கியம் நிக்குமா சார்?"

"அவங்க வாயால, பேரோட, எந்த நாள், எப்படின்னு சொன்னாங்கன்னா நிக்கும். சொல்லலேன்னா அடிச்சிடுவோம் முருகையன். அதுக்கு மேல எனக்கும் சக்தி இல்ல."

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் மீரா உசேன் ஒத்துக்கொண்டான். அவனுடைய அண்ணன் சவுதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மீரா உசேன் முருகையனின் வீட்டுக்குள் போனான். முருகையன் சட்டப்படி வெளியேறி, முள்ளியாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தான்.

தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. ஆற்றில் மாடுகள் மேய்ந்தன. முருகையன் மூன்று டீ குடித்தான். பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தான். அம்மாவுக்குத் தேதி சொல்ல வருமா, நாள் கணக்கு சொல்ல வருமா என்று கவலைப்பட்டான். யோசித்தால் அவள் அம்சத்தைப் பற்றி அவனிடம் எதுவுமே சொன்னதில்லை. அவனும் பேச்செடுத்ததில்லை. அந்த வீட்டில் அம்சம் என்ற பேச்சு அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டும்போது மட்டும்தான் வரும். பன்னிரண்டு மணிக்கு மீரா உசேன் வந்தான்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"அம்மா சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாங்க. கெண்டை மீன் கொழம்பு."

"பேட்டி?"

மீரா உசேன் பெஞ்சில் டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். நேராக முருகையனைப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் கேட்டேன். கொழந்தை எந்த நாள் போச்சுன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாது தம்பி'ன்னாங்க. எப்படின்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாது தம்பி.' பாலில்லாமலான்னு கேட்டேன். அதுக்கும் அதேதான். முக்கால் மணி நேரம் டேப்புல 'தெரியாது'தான் இருக்கு."

முருகையன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

"அது அவங்க தப்பு இல்லீங்க. அந்தக் காலத்துப் பாடம். எவன் பேப்பரும் கையுமா வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்னு சங்கத்துல பழக்கி வெச்சிருந்தாங்க. நீங்க மெஷினோட போயிட்டீங்க. போலீஸ்னு நெனச்சிருப்பாங்க."

"அப்படித் தெரியல."

"போதும், விடுங்க. இப்ப நூத்துப் பதினாலு என்னன்னு எனக்கே சொல்லத் தெரியும். 'இறந்ததாகக் கூறப்படும் குழந்தையின் தாயே தமக்கு ஏதும் தெரியாது என்கிறார்.'" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நாளைக்கே அந்த வாக்கியத்தை அடிச்சிடுறேன். எங்கம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. தினம் படிச்சுக் காட்டச் சொல்லி, 'அவ்வளவுதானா, அவ்வளவுதானா'ன்னு கேக்குறாங்க."

மீரா உசேன் பையிலிருந்து புது கேசட் ஒன்றை எடுத்துப் பிரித்தான். அதை மெஷினில் போட்டு, முருகையனுக்கு முன்னால் நகர்த்தி வைத்தான்.

"மெஷினை நிறுத்தச் சொல்லிட்டுத்தாங்க அம்மா பேசினாங்க. 'அந்த ஆறு நாளும் பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு இருந்தது அவன் ஒருத்தன்தான் தம்பி, ஏழு வயசுப் புள்ள. இருபத்தி நாலு வருஷமா எங்கிட்ட வாயத் தொறக்கல, ஆராய்ச்சின்னு நீங்க கேட்டாச் சொல்லுவான், எம் பொண்ணு எப்படிச் செத்தான்னு கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்க'ன்னாங்க."